ஒரு நிமிட வீடியோவும் மூன்று நிமிட நேர்முகமும்

ஆவடி, அம்பத்தூர் பக்கம் பி.காம். சேர்ந்தவர்களுக்குத் தெரியும், அட்மிஷன் என்றால் மார்க் ஷீட்தான். தரவரிசைப் பட்டியலில் பெயர் இருந்தால் சீட். "நீ எப்படிப்பட்ட ஆள்?" என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் கேட்கிறார்கள், வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியும் கேட்டிருக்கிறார்கள்.

பாஸ்டன் அருகிலுள்ள டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2009-10 சேர்க்கையில், விருப்பமுள்ளவர்கள் கட்டுரைகளோடு ஒரு நிமிட வீடியோவும் அனுப்பலாம் என்றது. யூடியூபில் ஏற்றிவிட்டு சுட்டி கொடுத்தால் போதும். சுமார் 15,000 பேர் விண்ணப்பித்ததில் ஏறக்குறைய 1,000 பேர் அனுப்பினார்கள். கணக்குப் பாட வரைபடங்களை ஒரு பெண் நடனமாகவே ஆடிக் காட்டினார். இன்னொருவர் ரிமோட்டில் இயங்கும் யானை பொம்மையைப் பறக்கவிட்டார். (யானை ஏன் என்றால், டஃப்ட்ஸின் சின்னமே ஜம்போ என்ற சர்க்கஸ் யானைதான். 1885இல் ரயில் மோதி இறந்துபோன அதைப் பாடம் செய்து வளாகத்தில் வைத்திருந்தார்கள். 1975 தீ விபத்தில் எரிந்துபோனது.)

2014இல் கௌச்சர் கல்லூரி இன்னும் ஒரு படி மேலே போனது. மதிப்பெண் பட்டியலே வேண்டாம், இரண்டு நிமிட வீடியோவும் பள்ளியில் செய்த இரண்டு வேலைகளும் போதும் என்றது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "மார்க் போதாது, ஆளைப் பார்க்கணும்" என்ற இந்தப் பழக்கத்தின் பூர்வீகம் அவ்வளவு அழகானதல்ல. 1920களில் ஹார்வர்டில் தேர்வெழுதி நுழைந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியது. 1922இல் அதன் தலைவர் லோவல் அவர்களுக்கு ஒரு வரம்பு வைக்கப் பார்த்தார். எதிர்ப்பு வந்தது. நேரடியாகச் சொல்ல முடியாததை 1926இல் வேறு வழியில் செய்தார்கள்: "குணநலன்" பார்ப்போம், விண்ணப்பத்தோடு புகைப்படமும் வேண்டும். முகத்தைப் பார்த்தால் மற்றது புரிந்துவிடுமே!

நம்மூரிலும் இதற்கு ஒரு கதை உண்டு. 1970இல் தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்முகத்துக்கு. வழக்கு (பெரியகருப்பன் வழக்கு) உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒருவருக்கு மூன்று நிமிடம்கூட நீடிக்காத நேர்முகத்துக்கு 75 என்பது மேலோட்டமாகப் பார்த்தாலே அதிகம் என்று நீதிபதிகள் சொன்னார்கள். மூன்று நிமிடத்தில் என்ன தெரியும்? பேச்சு, உடை, ஊர், அப்பா யார் என்பது தெரியும்.

அதனால் வீடியோவே கூடாது என்று சொல்ல மாட்டேன். கணக்கை ஆடிக் காட்டிய பெண்ணை எந்த மார்க் ஷீட்டும் காட்டியிருக்காது. இன்று கேமராவும் எல்லோர் போனிலும் இருக்கிறது. ஆனால் சத்தமில்லாத ஒரு அறையும், தடுமாறாத ஆங்கிலமும் எல்லோர் வீட்டிலும் இல்லை. விருப்பமிருந்தால் அனுப்பு என்பது வரை சரி. அதற்கு மார்க் போட ஆரம்பித்தால் 1970க்கே திரும்பிப் போகிறோம்.

என்னை ஒன்று எடுக்கச் சொன்னால், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து சைக்கிளும் பைக்கும் கிளம்பும் நேரத்தை எடுப்பேன். பின்னணியில் என் குரல் மட்டும் வரும், தமிழில். முகம் வராது :-)