பூங்காவும் நீதியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், வாவியை அடுத்து அமைந்த ஊர் தன்னாமுனை. அதற்குத் தெற்கே சத்துருக்கொண்டான், வடக்கே ஏறாவூர். 1990 ஆகஸ்ட் 12இல் ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் கொன்றனர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் இராணுவத்தினர் கொண்டுசென்ற நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர். எஞ்சிய குழந்தைகளுக்கு, எச்சமூகத்தவராயினும், காலம் ஒரே பாடத்தைப் புகட்டிற்று: அயலான் பகைவன்!

அப்பாடத்தை அழிக்க எழுந்த முயற்சிகளுள் ஒன்று, 1996இல் மட்டக்களப்பு நகரில் தோன்றிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா. இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான போல் சற்குணநாயகம் அடிகளாரும், கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதனை உருவாக்கினர். தமிழ்க் கிராமத்துச் சிறுவரும் முஸ்லிம் கிராமத்துச் சிறுவரும் அங்கே அழைத்துவரப்பட்டனர். மரநிழலில் களிமண் பிசைந்தனர், வண்ணம் தீட்டினர், கதை புனைந்து நடித்தனர், செடிகளையும் விலங்குகளையும் பேணினர். அவர்களுக்குத் துணைநின்றோர் பெரும்பாலும் அம்மண்ணின் இளைஞர்களே.

இது வெறும் பொழுதுபோக்கா? அன்று. தந்தை கொண்டுசெல்லப்பட்டதைக் கண்ட குழந்தையிடம், “என்ன நடந்தது?” என்று வினவினால் மௌனமே விடையாகும். அதே குழந்தை மண்ணில் ஒரு வீடு செய்யும், அதை இடிக்கும், மீண்டும் கட்டும். சொல் தோற்ற இடத்தில் கை பேசுகிறது.

திறந்தவெளியும் கூட்டுவாழ்வும் இளம் உள்ளத்தைத் தேற்றும் என்பது புதிய கருத்தன்று. 1920இல், உள்நாட்டுப் போர் அநாதைகளாக்கிய சிறுவர்களைப் பொல்தாவாவின் அருகே ஒன்றுசேர்த்தார் மக்காரெங்கோ. வயலுழைப்பையும் கூட்டுப் பொறுப்பையுமே அவர் அவர்களுக்கு வழங்கினார். ‘குற்றவாளி’ என்று உலகம் ஒதுக்கிய சிறுவனிடம் பண்ணையின் பணத்தை நம்பி ஒப்படைக்கவும் அவர் தயங்கவில்லை. பூங்காவின் வழி விளையாட்டு. அவர் வழி உழைப்பு. இரண்டிற்கும் அடிப்படை, குழந்தையை நோயாளியாக அன்றிப் படைப்பாளியாக மதித்தலாகும்.

எனினும் ஓர் உண்மையை நாம் மறைத்தலாகாது. பூங்கா காயத்தை ஆற்றலாம். காயப்படுத்தியவரைக் கூண்டில் நிறுத்த அதனால் இயலாது. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியில் நிற்கையில், அவர்தம் பிள்ளைகளுக்கு ஆறுதல் மட்டும் போதும் என்பது வஞ்சகம். அதேபோல், நீதி வந்தபின் சிரிக்கலாம் என்று பிள்ளையிடம் கூறுவதும் கொடுமை. குழந்தைப் பருவம் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

ஆசிரியராகிய நமக்கு இதில் பங்கில்லையா? விளையாட்டுப் பாடவேளையைப் பரீட்சைக்குப் பறித்துக் கொடுப்பவர்கள் யார்? மாலைப்பொழுதைத் தனியார் வகுப்புகள் விழுங்கக் கண்டும் வாளாவிருப்பவர்கள் யார்? பெரும்பணம் வேண்டியதில்லை. தன்னாமுனை மாணவரும் ஏறாவூர் மாணவரும் வாவிக்கரையில் ஒருநாள் ஒன்றுகூடிக் கண்டற்கன்று நடட்டும். ஒரே அணியில் பந்தாடட்டும். போர் புகட்டிய பாடத்தைப் பொய்யாக்கும் கல்வி அங்கே தொடங்கும். நீதிக்கான குரலை நாம் உயர்த்துவோம்; விளையாட்டிடத்தைப் பிள்ளைகளுக்கு இன்றே திறந்துவிடுவோம்!