மனித மூலதனமும் இரப்பர் நிறுவனங்களும்: சுங்கை லாலாங் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

தொழிலாளியின் அறிவு, திறன், உடல்நலம் ஆகியவற்றிற்குச் செலவிடப்படும் பொருளும் முதலீடே என்று தியோடர் சுல்ட்ஸ் 1960ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியல் கழகத் தலைமையுரையில் வலியுறுத்தினார். மனித மூலதனம் எனப்படும் இக்கருத்தைக் கொண்டு, கெடா மாநிலத்தின் சுங்கை லாலாங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

வெட்டுத்திறனும் போட்டித்திறனும்

1909ஆம் ஆண்டு கெடா சயாமிடமிருந்து பிரிட்டனின் ஆளுகைக்கு மாறியது. அடுத்து வந்த ஆண்டுகளில் இங்கு இரப்பர்த் தோட்டங்கள் விரிவடைந்தன. தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் தொழிலாளர் வந்தனர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் நன்கு சுரக்கும் வேளையிலேயே அவர்கள் மரம் வெட்டினர். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் வளர்படலத்தில் கத்தி பட்டுவிட்டால் புதுப்பட்டை சீராக வளராது. ஆகவே, மரத்தின் ஆயுளும் நிறுவனத்தின் இலாபமும் வெட்டுபவரின் கைத்திறனைச் சார்ந்திருந்தன. எனினும், இத்திறன் மலிவான கூலியுழைப்பாகவே கணக்கிடப்பட்டது.

முதலீடு சென்ற திசை

1925ஆம் ஆண்டு இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் உயர்விளைச்சல் மரவகைகள் செயற்கை இரப்பரின் போட்டியை எதிர்கொள்ளத் துணைநின்றன. மரத்திற்குக் கிட்டிய இக்கவனம் மனிதருக்குக் கிட்டவில்லை. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டப்பள்ளிகளுக்கு வழிவகுத்தது. அவ்வமைப்பில் சேராத கெடாவிலும் அத்தகைய பள்ளிகள் தோன்றின. ஆயினும், தொடக்கக் காலத்தில் பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதாம் ஆசிரியர். தொடக்கக் கல்விக்கு அப்பால் செல்லும் பாதை மிகக் குறுகியது.

தொழிலாளரின் முயற்சி

நிறுவனங்கள் செய்யத் தவறியதைத் தொழிலாளர் தாமே செய்ய முற்பட்டனர். பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுண்ணாமையையும் ஒழுங்கையும் வலியுறுத்தியது. குடும்ப வருவாயையும் உடல்நலத்தையும் காக்கும் இம்முயற்சி மனித மூலதன ஆக்கமேயாகும். 1947ஆம் ஆண்டு காவல்துறையின் நடவடிக்கையால் அது ஒடுக்கப்பட்டது.

விளைவு

பின்னர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபோது, வெட்டுத்திறன் சந்தை மதிப்பை இழந்தது. 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வேண்டியதோ தொழில்நுட்பக் கல்வி. ஒரே மாநிலத்தில் இருந்தும், தோட்டத்திற்கும் பூங்காவிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கல்வியின்றிக் கடத்தல் அரிதாயிற்று.

முடிவுரை

திறனைப் பயன்கொண்டு, அதனை வளர்க்காத நிறுவனம் சிலகாலம் இலாபம் ஈட்டலாம். அதன் இழப்பை அடுத்த தலைமுறை சுமக்கிறது என்பதை இவ்வட்டாரம் உணர்த்துகிறது. 2001ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இன்று பீடோங்கை அடுத்த செமெலிங்கில் இயங்குகிறது. அதன் வாயிலைத் தோட்டத்து வழிவந்த பிள்ளைகள் எட்டுவதற்கான அடித்தளம் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலேயே இடப்படுகிறது. ஆதலின், அவ்வகுப்பறைக்குச் செலவிடுவதை அறச்செலவாகக் கருதாது, நாட்டின் முதலீடாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே நம் துணிபு.