நீரால் எழுப்பிய வெற்றித் தூண்

பகைவரை வென்று திரும்பும் மன்னர்கள் வெற்றித் தூண் நாட்டுவது நம் நாட்டில் பழைய வழக்கம். கருங்கல்லை நிறுத்தித் தம் பெயரையும் விருதுகளையும் பொறித்து வைப்பார்கள். முதலாம் இராஜேந்திர சோழனோ, கங்கை வரையில் படை நடத்தி வென்ற பிறகு, தண்ணீரால் ஒரு தூண் எழுப்பினான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. 1905-ஆம் ஆண்டில் கிடைத்த அந்த முப்பத்தொரு ஏடுகளில் வடமொழிப் பகுதியைப் பாடியவன் நாராயணன் என்ற புலவன். கங்கை நீர்மயமான ஜயஸ்தம்பம் ஒன்றைச் சக்கரவர்த்தி தன் தலைநகரில் அமைத்துச் சோழகங்கம் என்று பெயரிட்டான் என்பது அவன் வாக்கு.

தூண் என்று புலவன் சொன்னது ஓர் ஏரியை. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் அது இன்றும் இருக்கிறது. ஊரார் பொன்னேரி என்கிறார்கள். நிற்க வேண்டிய தூணைப் படுக்க வைத்துவிட்டான் இராஜேந்திரன் என்று சொல்லத் தோன்றுகிறது.

படை புறப்பட்டது கி.பி. 1023-ஐ ஒட்டி. தண்டநாயகன் வடக்கே சென்றான். சக்கரவர்த்தி கோதாவரிக் கரையில் காத்திருந்தான். தோற்ற மன்னர்கள் தலையில் கங்கைக் குடங்களைச் சுமந்து வந்தார்கள் என்று செப்பேடு கூறுகிறது. இது புலவனின் மிகையாக இருக்கலாம். வெற்றி பெற்றவன் வீட்டுப் புலவன் வேறு எப்படிப் பாடுவான்? ஆனால் தண்ணீர் வந்தது என்பதை ஐயுற வேண்டியதில்லை. அரசன் கங்கைகொண்டான் ஆனான்; ஊர் கங்கைகொண்ட சோழபுரம் ஆயிற்று.

நான் கேட்க விரும்புவது வேறு. சில நூறு குடத்துக் கங்கை நீரால் ஓர் ஏரி நிரம்புமா? அபிஷேகத்துக்கு அது போதும், நெல்லுக்குப் போதாது. அந்த ஏரியை நிரப்பிய நீர் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை 1855-இல் வெளியான ஓர் ஆங்கிலக் குறிப்பில் இருக்கிறது. தெற்கு வடக்காகப் பதினாறு மைல் நீளமுள்ள கரை. அதில் உறுதியான பல மதகுகள். தென்கோடியில் கொள்ளிடத்திலிருந்து வரும் கால்வாய் ஒன்று. அதன் நீளம் அறுபது மைலுக்கு மேல். வட பக்கத்தில் வெள்ளாற்றிலிருந்து வரும் சிறிய கால்வாய் மற்றொன்று. இரண்டின் தடங்களும் அப்போது தெரிந்தன. ஏரியின் உட்புறமோ அடர்ந்த காடாகிக் கிடந்தது.

அறுபது மைல் என்று படித்ததும் எனக்கு வியப்பு உண்டாயிற்று. கொள்ளிடம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தெற்கே, ஒரு காலை நடையில் போய்விடும் தொலைவில் ஓடுகிறது. பக்கத்தில் ஆறு ஓட, ஏறக்குறைய திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து கால்வாய் வெட்டுவானேன்? பூமியைப் பார்த்தால் காரணம் புரியும். ஆறு தாழ்வில் போகிறது. ஊர் மேட்டில் இருக்கிறது. தண்ணீரை மேலே ஏற்ற அன்று பம்பு இல்லை. ஆகையால் ஆற்றின் மட்டம் இந்த மேட்டைவிட உயர்ந்திருக்கும் இடம் வரையில் மேற்கே போய், அங்கே வாய் திறந்து, ஆற்றைவிட மெதுவான சரிவில் கால்வாயை நடத்திக்கொண்டு வரவேண்டும். ஆறு விரைவாகத் தாழ்ந்துகொண்டே போகும். கால்வாய் கொஞ்சம் கொஞ்சமாக அதைவிட மேலே நின்றுவிடும். சரிவு கூடினால் கரை அரித்துப் போகும். குறைந்தால் வண்டல் படியும். அறுபது மைல் தூரம் அந்தக் கணக்குத் தவறாமல் மண்ணை வெட்டினவர்களின் பெயர் எந்த மெய்க்கீர்த்தியிலும் இல்லை.

ஏரியிலிருந்து நீரை வெளியே விடும் முறையிலும் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் கரைக்குச் சற்று உள்ளே, தண்ணீருக்கு நடுவில், இரண்டு கல் தூண்கள் நிற்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் கல்லால் ஆன தொட்டி. அதன் மேல்மூடியில் நீர் இறங்கும் துளை. அடிப்புறத்தில் சேறு போக வேறு துளை. அங்கிருந்து கரைக்கு அடியில் வாய்க்கால் வரை நீளும் கல் குழாய். துளையை அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால் நல்ல நீரும் சேறும் ஒருங்கே வெளியேறும். ஏரி தானே தன்னைத் தூர் வாரிக்கொள்ளும் ஏற்பாடு இது.

பொன்னேரிக் கரைமேல் நின்று அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஏரி ஏன் இப்படி இருக்கிறது, பெரியவரே?" என்று கேட்டேன்.

"கரையெல்லாம் நல்லாத்தானுங்க இருக்கு. வரத்து இல்லீங்களே! வரத்து வாரி தூர்ந்து போச்சுன்னா ஏரி என்னங்க பண்ணும்?" என்றார்.

இக்காலத்தில் வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போகும் மோட்டார் வண்டிகள் வந்திருக்கின்றன. சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகும் கேரவனை நேயர்கள் அறிவார்கள். அதற்குள்ளும் ஒரு தண்ணீர்த் தொட்டி, நீர் ஏற்ற ஒரு வாய், சமையலுக்கும் குளியலுக்கும் குழாய்கள். அவற்றைப் பழுது பார்க்கும் குழாய்க்காரர் ஒருவர் சொன்னார்: "தொட்டி கெடுறது அபூர்வம் சார். வண்டி குலுங்கிக் குலுங்கி இணைப்புத்தான் விட்டுப்போகும்." ஆடு மேய்க்கும் பெரியவரும் குழாய்க்காரரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஆனால் இருவர் சொன்னதும் ஒன்றேதான்.

படையெடுத்து வந்த பகைவர் வேண்டுமென்றே ஏரியை உடைத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. 1855-ஆம் ஆண்டுக் குறிப்பும் அதைச் சொல்கிறது. பாண்டியர் படையைச் சந்தேகிக்க இடம் உண்டு. ஆயினும் இது மட்டும் காரணம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. உடைந்த கரையை அடுத்த கோடையில் அடைத்துவிடலாம். தமிழ்நாட்டில் உடையாத ஏரி எது? உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921-ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியத்துக்கு ஆள் எடுக்கும் முறையை எவ்வளவு கண்டிப்பாக விதிக்கின்றன! ஊருக்கு ஓர் ஏரி இருந்தால் ஊர்ச்சபை அதைப் பார்த்துக்கொள்ளும். அறுபது மைல் கால்வாயை எந்த ஊர்ச்சபை பார்த்துக்கொள்ளும்? பல ஊர்களைக் கடந்து வரும் கால்வாய்க்கு, அவ்வளவு ஊர்களுக்கும் ஆணையிடும் ஓர் அரசு வேண்டும். 1279-உடன் மூன்றாம் இராஜேந்திரனின் ஆட்சி முடிந்தது. தலைநகரும் வெறும் கிராமமாயிற்று. கால்வாய் முகத்துவாரத்தில் ஒரு வருஷம் மணல் அள்ளாமல் விட்டிருப்பார்கள். பிறகு பத்து வருஷம். இது என் ஊகந்தான். ஆனால் படைகளைவிட மணலின்மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

பெரம்பலூரும் அரியலூரும் தண்ணீருக்கு ஏங்கும் சீமைகள். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றால் சிரிப்பு வரும். அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லில் நத்தையும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கின்றன. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் படுத்திருக்கிறது. அந்தக் கடல் போன பிறகு மழையும் ஏரியுமே இந்தப் பக்கத்துக்கு கதி. தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் எல்லையில் ஓடிக் கடலுக்குப் போய்விடுகின்றன. அவ்விரண்டையும் ஒரே ஏரியில் இணைத்தவன் இராஜேந்திரன். அதனாலேயே அவன் கடாரம் வென்றதைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தக் கதையில் விசித்திரமான பகுதி இனிமேல்தான். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். ஆர்தர் காட்டனின் திட்டம் அது. கட்டுவதற்குக் கல் வேண்டுமே! கங்கைகொண்ட சோழேச்சரத்தின் பெரிய மதிற்சுவரை இடித்துக் கல் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கல்லுக்குப் பதில் செங்கல்லால் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றோடு போயிற்று. அந்தக் குற்றத்தை நான் மன்னிக்கத் தயாராயில்லை. ஆனால் அதன் விளைவையும் சொல்லவேண்டும். அந்தக் கீழணையிலிருந்துதான் வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்கு நீர் கொண்டுபோகிறது. வீராணம் இராஜேந்திரனின் எள்ளுப்பாட்டன் பராந்தகன் காலத்து ஏரி. 'பொன்னியின் செல்வ'னில் கல்கி வந்தியத்தேவனைக் குதிரைமேல் முதன்முதலாக நமக்குக் காட்டுவது அதன் கரையில்தான். 2004 முதல் அங்கிருந்து இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் குழாய் பதித்துச் சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிறார்கள். பேரன் கோயிலின் மதிற்கல் பாட்டன் ஏரிக்குத் தண்ணீர் திருப்ப, அதைச் சென்னைவாசிகள் குடிக்கிறார்கள். பேரனின் சொந்த ஏரிக்கு மட்டும் இணைப்பு இல்லை.

கோயிலுக்குள் சிங்கக் கிணறு ஒன்று உண்டு. சிங்க உருவத்தின் வயிற்றுக்குள் புகுந்து படியிறங்கினால் நீர். இராஜேந்திரன் கங்கை நீரை இதில்தான் ஊற்றினான் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சிங்கமோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடையார்பாளையம் ஜமீன்தார் எடுப்பித்தது. வழிகாட்டியிடம் இதைச் சொல்லி வருத்தப்படுத்தாமல் வந்துவிட்டேன்.

2025 ஜூலை 27-இல் ஆடித் திருவாதிரை விழாவுக்கு வந்த பிரதமர் நரேந்திர மோடி ஒரு கலசத்தில் கங்கை நீர் கொண்டுவந்தார். அதே மாதத்தில் தமிழக அரசும் சோழகங்கத்தைத் தூர் வாரி, கரையைப் பலப்படுத்தி, வரத்து வாய்க்கால்களைச் செப்பனிடுவதாக அறிவித்தது. அறிவிப்பில் கரை, தூர், வாய்க்கால் என மூன்றும் இருக்கின்றன. இவற்றில் வாய்க்கால்தான் கடினமான வேலை. பழைய தடத்தில் இன்று வயலும் சாலையும் வீடும் இருக்கும். ஆடு மேய்த்த பெரியவர் கேட்கப்போவதும் அதைத்தான்.