பிடிகொடாப் பேச்சு

சொல்லில் பொய் இல்லாமல், அதே சமயம் கேட்பவருக்கு உண்மை பிடிபடாமல் வேண்டுமென்றே பேசும் முறை. மழுப்பல், பூசி மெழுகுதல் என்று நாம் சொல்வன இதன் அன்றாட வடிவங்கள். இதைக் கோட்பாடாகவே வகுத்தவர்கள் 16ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர்கள். பாதியை வாயால் சொல்லி மீதியை மனத்துக்குள் முடித்தால் அது பொய்யாகாது, கடவுள் முழுவதையும் கேட்கிறார் என்பது ஸ்பெயின் அறிஞர் மார்ட்டின் தே அஸ்பில்குவேத்தா 1584இல் முன்வைத்த வாதம்.

இங்கிலாந்தில் இது உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. 1585ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயர் நாட்டில் தங்கினாலே ராஜத்துரோகம். அடைக்கலம் கொடுத்தவருக்கும் மரண தண்டனை உண்டு. "குருவானவரைப் பார்த்தாயா?" என்று சத்தியம் வாங்கிக் கேட்டால், "இல்லை" என்று சொல்லி, "உங்களிடம் சொல்வதற்கு இல்லை" என மனத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என இயேசு சபைக் குருக்கள் சிலர் கற்பித்தனர். கவிஞரும் குருவுமான ராபர்ட் சவுத்வெல்லின் வழக்கில் (1595) இந்தப் போதனையே அவருக்கு எதிரான சாட்சியமாக வந்தது. அவர் தூக்கிலிடப்பட்டார். வீட்டில் ஒளிந்திருப்பவரின் தலை ஒரு பதிலில் தொங்கும்போது அப்படிப் பேசியவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. மன்னரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதிக்குப் பின், சதிகாரர் ஒருவரின் அறையில் ஒரு கையெழுத்துப் படி சிக்கியது. எழுதியவர் இங்கிலாந்தில் இயேசு சபைத் தலைவராக இருந்த ஹென்றி கார்னெட். 'இரட்டுறப் பேசுதல் பற்றிய ஆய்வுரை' என்ற தலைப்பை அடித்து, 'பொய்க்கும் வஞ்சகத்துக்கும் எதிரான ஆய்வுரை' என மாற்றியிருந்தார்கள். கைதான கார்னெட் சிறையில் பக்கத்து அறைக் குருவுடன் பேசியதை ஒற்றர்கள் ஒட்டுக்கேட்டனர். விசாரணையில் முதலில் மறுத்தவர், பிறகு ஒப்புக்கொண்டார். அதன்பின் அவர் சொன்ன எதையும் நீதிமன்றம் நம்பவில்லை. சதியைத் தடுக்க முயன்றேன் என்ற அவரது கூற்றும் எடுபடவில்லை. 1606 மே மாதம் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தில் நரகவாசல் காப்போனாகத் தன்னைப் பாவித்துக்கொள்ளும் வாயிற்காவலன் வரவேற்கும் இரட்டைநாக்குக்காரன் கார்னெட்டே என்பது அறிஞர் பலரின் கருத்து.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் தம் 'மாகாணக் கடிதங்க'ளில் (1656–57) இக்கோட்பாட்டைக் கடுமையாகச் சாடினார். திருத்தந்தை 11ஆம் இன்னசென்ட் 1679இல் இதன் தீவிர வடிவத்தைக் கண்டித்தார். அரசுகளோ உறுதிமொழி வாசகத்திலேயே ஓட்டையை அடைத்தன. மனத்துக்குள் எதையும் ஒதுக்கிவைக்கவில்லை என்ற வாசகம் இங்கிலாந்தின் 1606ஆம் ஆண்டு விசுவாசப் பிரமாணத்தில் சேர்க்கப்பட்டது. உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கா 1862இல் அரசுப் பதவியேற்பு உறுதிமொழியில் அதே பொருளில் ஒரு வாசகத்தைச் சேர்த்தது. அந்நாட்டுக் குடியுரிமை பெறும் தமிழர்களும் இன்று கையுயர்த்தி அந்த வாசகத்தைச் சொல்கிறார்கள்.