போதையை அளந்த சட்டம்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைக் குற்றமென்று விதிப்பதில் இங்கிலாந்துக்குச் சிரமமொன்றும் இருக்கவில்லை. பிடிபட்டவன் குடித்திருந்தான் என்பதை நியாயஸ்தலத்தில் நிரூபிப்பதில்தான் அந்த தேசம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் திண்டாடியது. பொதுப்பாதையில் போதையோடு வண்டி, குதிரை, மாடு, நீராவி எந்திரம் ஆகியவற்றை நடத்திச் செல்பவனுக்கும், குண்டு போட்ட துப்பாக்கியை வைத்திருப்பவனுக்கும், 40 ஷில்லிங் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை என்று 1872-ஆம் வருஷத்துச் சட்டம் கூறிற்று. மோட்டார் யுகத்தின் முதல் குற்றவாளியாகப் பிரசித்தி பெற்ற ஜார்ஜ் ஸ்மித் என்ற லண்டன் வாடகை வண்டிக்காரர், 1897 செப்டம்பர் 10-ஆம் தேதி தமது மின்சார வண்டியை நியூ பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தின்மேல் மோதிவிட்டு, இரண்டு மூன்று கிளாஸ் பீர் குடித்ததைத் தாமே ஒப்புக்கொண்டமையால், வழக்கு வெகு சுலபமாக முடிந்தது.

எல்லோரும் அவரைப் போல் யோக்கியர்களா என்ன? வண்டியைச் சரிவர நடத்த இயலாத அளவுக்கு மதுவின் வசப்பட்டிருக்க வேண்டும் என்று 1930-ஆம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தபடியால், அந்த அளவை நிர்ணயிக்கும் பாரம் போலீஸ் வைத்தியரின் கண்ணையும் காதையும் சார்ந்ததாயிற்று. நள்ளிரவில் ஸ்டேஷனுக்கு அழைத்து வரப்பட்ட கனவான், தரையிலிட்ட கோட்டின்மேல் நடந்து காட்டவும், கீழே கிடக்கும் காசுகளைப் பொறுக்கவும், நாக்குப் புரளாத சொற்றொடர்களைத் தடுமாறாமல் உச்சரிக்கவும் வேண்டியிருந்தது. வசதியுள்ளவரானால், அவருடைய வக்கீல் சொந்த வைத்தியரை வரவழைத்து, கால் தள்ளாடியது விபத்தின் அதிர்ச்சியாலேயன்றி விஸ்கியால் அல்ல என்று சாக்ஷியம் சொல்லச் செய்வார். ஜூரியில் அமர்ந்தோரும் பெரும்பாலும் கார் வைத்திருப்பவர்களாதலால், தங்களுக்கும் ஒருநாள் இந்தக் கதி நேரலாமென்ற அனுதாபத்தோடு அவரை விடுதலை செய்துவிடுவார்கள். அதை நீதியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த நாடகத்துக்கு முடிவு கட்டியவர், கார் ஓட்டத் தெரியாத பார்பரா காஸில் என்ற போக்குவரத்து மந்திரி. அவர் கொண்டுவந்த சட்டப்படி, 1967 அக்டோபர் 9 முதல், 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதே குற்றமாயிற்று. பையொன்றை ஊதச் சொல்லி, கண்ணாடிக் குழாயிலுள்ள மஞ்சள் படிகங்கள் பச்சையாவதைப் போலீஸ்காரர் கவனிப்பார்; பச்சை குறித்த கோட்டைத் தாண்டினால் ஸ்டேஷனுக்கு அழைத்துச் சென்று ரத்தம் எடுக்கச் செய்வார். சாராயக்கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், மந்திரிக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஆனால் முதலாண்டிலேயே சாலை மரணங்கள் ஆயிரத்துக்கு மேல் குறைந்தன.

போதையைப் பற்றி வாதாட இடமில்லாமற்போகவே, வக்கீல்களின் சாமர்த்தியம் முறைமையின்பால் திரும்பிற்று. எடுத்த ரத்தத்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கி வேறொரு ரசாயன நிபுணரிடம் பரிசோதிக்கலாமென்ற உரிமையைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொன்னார்கள்; அது நியாயமான காரியமே. ஊதச் சொல்பவர் சீருடையிலிருக்க வேண்டுமென்பது விதியாகையால், தொப்பி அணியாத போலீஸ்காரர் சீருடையிலிருந்தவராவாரா என்றும் ஒரு வழக்கில் விவாதித்தார்கள். ஆவார் என்று தீர்ப்பாயிற்று. இவற்றையெல்லாம் விஞ்சிய உபாயம், விபத்துக்குப் பிறகு படபடப்புத் தணியவே பையிலிருந்த பிராந்தியைக் குடித்தேன் என்பது. அதற்குப் பிற்காலத்துச் சட்டம் கண்ட பரிகாரம், அப்படிப் பின்னால் குடித்ததால்தான் அளவு மிஞ்சியதென்று நிரூபிக்கும் பொறுப்பை ஓட்டியவர் தலையிலேயே சுமத்தியது.