மார்பர்க் மகாநாடு

1521-ம் ஆண்டு வோர்ம்ஸ் நகரில், சக்கரவர்த்தியின் முன்னிலையில், மனச்சாட்சிக்கு மாறாக நடவேன் என்று உறுதியுடன் நின்றவர் மார்ட்டின் லூதர். அப்பெரியாரே எட்டாண்டுகளுக்குப் பின், மற்றொரு சீர்திருத்தவாதியைச் சகோதரர் என ஏற்க மறுத்தார். அதன் காரணத்தை அறிதல் சீர்திருத்தம் நாடும் யாவர்க்கும் நலம் பயப்பதாகும்.

1529 ஏப்ரலில் ஸ்பெயர் நகரில் கூடிய ஜெர்மானிய அரசவை, சீர்திருத்தம் மேலும் பரவாவண்ணம் தீர்மானம் செய்தது. அதனை ஆட்சேபித்த சிற்றரசர்களாலும் நகரங்களாலுமே 'புரொட்டஸ்டண்டு' என்னும் பெயர் உண்டாயிற்று. அவர்களுள் ஒருவரான ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு பிலிப், சிதறி நின்றால் அழிவு திண்ணம் எனக் கண்டு, அவ்வாண்டு அக்டோபரில் தம் மார்பர்க் கோட்டைக்கு லூதரையும், சுவிட்ஸர்லாந்தின் சூரிச் நகரப் போதகர் ஸ்விங்லியையும் வரவழைத்தார்.

பதினைந்து விஷயங்களுள் பதினான்கில் இரு சாராரும் முற்றும் உடன்பட்டனர். எஞ்சியது திருவிருந்து. அதிலும் அப்பம், திராட்சரசம் ஆகிய இரண்டையும் சபையார்க்கு வழங்க வேண்டும் என்பதில் பேதமில்லை. அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே உளதா என்பதே வினா. அப்பத்தைத் தம் சரீரம் என்று ஆண்டவர் கூறியிருக்க, அச்சொல்லுக்கு வேறு பொருள் கொள்ளல் தகாது என்றார் லூதர்; அவ்வாக்கியத்தை மேஜைமீது சுண்ணக்கட்டியால் எழுதியும் வைத்தார். பரலோகம் சென்ற சரீரம் அப்பத்தில் இராது, அப்பம் அதனைக் குறிப்பதே என்றார் ஸ்விங்லி. ஒருவர்க்கு வேதவாக்கின் உறுதி பெரிது. மற்றவர்க்கு அதன் கருத்து பெரிது. பேதம் தீராவிடினும் சகோதரராயிருப்போம் எனக் கண்ணீருடன் வேண்டினார் ஸ்விங்லி. லூதர் இசைந்திலர்.

ஸ்விங்லியின் நகரமும் குற்றமற்றதன்று. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அவருடைய முன்னாள் தோழர் பெலிக்ஸ் மான்ஸ், 1527 ஜனவரியில் சூரிச் நகரசபையின் தீர்ப்பால் லிம்மாத் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார்.

பிலிப் விரும்பிய கூட்டுறவு கைகூடவில்லை. 1531-ல் ஜெர்மானியச் சிற்றரசர்கள் அமைத்த சங்கத்தில் சூரிச் சேரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 11-ந் தேதி, கத்தோலிக்க மாகாணங்களின் படையை எதிர்த்துக் காப்பெல் களத்தில் ஸ்விங்லி மாண்டார். இரு சபைகளும் ஐரோப்பாவில் ஒரே திருவிருந்தில் அமர உடன்பட்டது 1973-ல், லோயன்பர்க் உடன்படிக்கையினாலேயாம். இடையே கழிந்தவை 444 ஆண்டுகள்!

நேயர்களே, சீர்திருத்தம் செய்வோரிடையே அபிப்பிராய பேதம் எழுதல் இயல்பு. தாம் கோரிய மனச்சாட்சியின் சுதந்திரத்தைத் தம் தோழர்க்கும் அளிக்கின்றனரா என்பதே அவர்க்கு உற்ற சோதனை. மார்பர்க்கில் கூடிய பேரறிஞர்கள் அச்சோதனையில் தவறினர். நம் சங்கங்களில் வாதம் முற்றும்போது இதனை நினைவிற் கொள்வோமாக.