திறன்பேசியும் திறந்த மூலமும்: ஒரு தெரிவுரிமையின் வரலாறு

ஒரு கருவியை விலைகொடுத்து வாங்கியவர் அதன் முழு உரிமையாளர் ஆவாரா என்னும் வினா கணனியுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருவதொன்றாகும். 1983 ஆம் ஆண்டு ரிச்சார்ட் ஸ்டோல்மன் அறிவித்த குனு திட்டமும், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோவால்ட்ஸ் 1991 இல் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்தபோது, மேசைக் கணனியைப் பொறுத்தவரை அவ்வினாவுக்கு ஒரு விடை கிடைத்தது. தன் கணனியை எந்தப் பணிசெயல் முறைமை ஆளவேண்டும் என்பதை உரிமையாளரே தீர்மானிக்கும் நிலை தோன்றிற்று. திறன்பேசிக்கு அவ்விடை எவ்வளவு தூரம் பொருந்துகின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2005 இல் அன்ட்ரொயிட் கம்பனியை வாங்கிய கூகிள், 2008 இல் முதற் திறன்பேசி விற்பனைக்கு வந்தபோது அம்முறைமையின் மூலநிரலையும் வெளியிட்டது. இதன் அடித்தளம் லினக்ஸ் கருவாகும். அதனை விநியோகிப்போர் மூலநிரலையும் வழங்கல் வேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. ஆயின், மேலடுக்குகளின் பெரும்பகுதி அத்தகைய கட்டாயம் இல்லாத அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளிவந்தது. இதனால் உற்பத்தியாளர் தாம் சேர்த்தவற்றை மறைத்துவைக்க இயன்றது. வன்பொருளை இயக்கும் பல நிரல்களும் மூடியவையாகவே இருந்தன. கருவி விழித்தெழும்போது முதலில் இயங்கும் தொடக்க நிரலையும் பலர் பூட்டிவைத்தனர். மூலநிரல் திறந்திருந்தும் கருவி பூட்டப்பட்டிருந்தது என்பதே இவ்வரலாற்றின் மைய முரண்பாடு எனலாம்.

இம்முரண்பாடு 2009 இல் வெளிப்படையாயிற்று. ஸ்டீவ் கொண்டிக் என்பவர் தொடங்கிய சயனோஜன்மொட் முறைமை, கூகிளின் மூடிய செயலிகளையும் சேர்த்து விநியோகித்தமைக்காக அக்கம்பனியின் எச்சரிக்கைக்கு உள்ளாயிற்று. அதன்பின் அச்செயலிகள் நீக்கப்பட்டே அது வெளிவந்தது. 2013 இல் அதனைச் சார்ந்து ஒரு கம்பனி உருவாயிற்று. 2016 டிசம்பரில் அக்கம்பனி தன் சேவைகளை நிறுத்தியபோது, தன்னார்வலர் அதே மூலநிரலைக் கொண்டு லினியேஜ் முறைமையைத் தொடங்கினர்.

ஏனைய முயற்சிகளும் இதனையே உணர்த்துகின்றன. மொசில்லாவின் பயர்பொக்ஸ் முறைமை 2013 இல் விற்பனைக்கு வந்தது. 2015 இறுதியில் திறன்பேசிகளுக்கென அதனை வழங்குவது கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. கனோனிக்கல் கம்பனி 2013 இல் அறிவித்த உபுண்டுத் திறன்பேசித் திட்டம் 2017 இல் கைவிடப்பட்டபோது, யூபிபோர்ட்ஸ் என்னும் சமூகம் அதனைப் பொறுப்பேற்றது. கம்பனிகள் விலகினும் மூலநிரல் எஞ்சியது. அதனைப் பேணுவோர் இருந்த இடத்தில் முறைமையும் எஞ்சியது.

இன்று மாற்று முறைமையொன்றைத் தெரிவுசெய்ய விரும்புவோர் இவ்வரலாற்றிலிருந்து சிலவற்றைக் கற்றல் தகும். முதலாவதாக, கருவியின் தொடக்க நிரல் திறக்கத்தக்கதா என வாங்குமுன்னரே அறிதல் வேண்டும். இரண்டாவதாக, அக்கருவிக்கென முறைமையை இப்போதும் எவரேனும் பேணுகின்றனரா என நோக்குதல் வேண்டும். மூன்றாவதாக, பரப்புக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்தல் வேண்டும். லினியேஜ், உற்பத்தியாளர் கைவிட்ட பல பழைய கருவிகளுக்கு மறுவாழ்வு அளிக்கின்றது. ஆனால் பெரும்பாலும் தொடக்க நிரல் பூட்டின்றியே இயங்குகின்றது. பிக்ஸல் திறன்பேசிகளுக்கென வளர்ந்த கிரபீன் முறைமையோ நிறுவிய பின்னர் மீண்டும் பூட்டிக்கொள்ள இடமளிக்கின்றது. மேலும், வங்கிச் செயலிகள் சில இத்தகைய முறைமைகளில் இயங்க மறுப்பதும் கருதத்தக்கது.

ஆகவே, உரிமத்தில் எழுதப்பட்ட சுதந்திரம் மட்டும் தெரிவுரிமையை நிலைநாட்டிவிடுவதில்லை. அதனைப் பயன்படுத்தத்தக்க கருவியும், பேணுகின்ற கைகளும் அவசியமாகும். அக்கைகளுள் மாணவர் கைகளும் சேர இயலும் என்பதற்கு, லினக்ஸ் கருவைத் தந்தவரே ஒரு மாணவர் என்னும் உண்மை சான்றாகும்.